டிக்கர்: பத்துத் தோலுக்கும் பேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பனியன் மெர்ச்சண்டைசர், திருப்பூர்

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அமெரிக்க பையர் ஒருவரோடு குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டருக்கு விலை பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் சொன்ன விலைக்கும் அவர் கேட்ட விலைக்கும் பீஸுக்கு 4 சென்ட் வித்தியாசம். நூல் விலை, சாயக் கூலி, பேக்கிங் என்று எல்லாவற்றையும் பிரித்துக் காட்டி ஒரு நீண்ட மெயில் போட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது. 4 சென்ட்டுக்காக டிக்கர் பண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, கட்டுப்படியாகுமா ஆகாதா என்று மட்டும் சொல் என்கிற மாதிரி.

பேரத்தைத்தான் சொல்கிறார் என்று புரிந்துவிட்டது. பார்கெயின், ஹேகில், நெகோஷியேட் எல்லாம் தினமும் புழங்குகிற சொற்கள்தான், இது மட்டும் புதிது. அகராதியைப் பார்த்தேன். வினைச்சொல்லுக்குச் சின்ன விஷயத்துக்காகப் பேரம் பேசி இழுப்பது என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே பெயர்ச்சொல்லாக, பத்து எண்ணம் கொண்ட கட்டு, முக்கியமாகப் பத்துத் தோல் என்றும் இருக்கிறது. தோலுக்கும் பேரத்துக்கும் என்ன உறவு? இரண்டும் ஒரே சொல்தானா? அப்புறம், அவர் என்னை மட்டம் தட்டினாரா, சாதாரணமாகச் சொன்னாரா?

சந்தைப் புள்ளி

டிக்கர் என்றால் டிவியில் அடியில் ஓடுமே, பங்கு விலை வரி, அதுதானே? 1867இல் எட்வர்ட் கலஹன் என்பவர் பங்கு விலையைத் தந்தி வழியாகக் காகித நாடாவில் அச்சடிக்கிற கருவியைச் செய்தார். அது டிக் டிக் என்று சத்தம் போட்டதால் அந்தப் பெயர். தோலெல்லாம் இல்லை.

பனியன் மெர்ச்சண்டைசர்

அது வேறு சொல்லுங்க. உங்களுடையது ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்தில் தொடங்குவது. நான் கேட்பது நான்காவது எழுத்தில் தொடங்குவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, அதுதான் தொல்லை.

மண்டிக்காரர், வாணியம்பாடி

தம்பி, அகராதியில் நீங்கள் பார்த்த இரண்டும் ஒரே சொல் என்றுதான் பெரும்பாலான அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள், 'அநேகமாக' என்ற வார்த்தையை முன்னால் போட்டுக்கொண்டு. நான் பச்சைத்தோல் தரம் பிரித்தே தலை நரைத்தவன். தோல் சம்பந்தப்பட்ட சொல் என்றால் விடமாட்டேன். கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலம் லத்தீன். 'தெகூரியா' என்றால் பத்துப் பேர் கொண்ட குழு, அல்லது பத்துப் பொருள் கொண்ட கட்டு. ரோமானியப் பேரரசர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு பழைய தொகுப்பில், படை அதிகாரி ஒருவருக்கு வருஷா வருஷம் தர வேண்டிய சாமான் பட்டியல் வருகிறது. அதில் கூடாரத் தோல் 30 தெகூரியா என்று இருக்கிறது. அதாவது 300 தோல். ரோமப் படை தோலைத் தின்றே வளர்ந்தது என்று சொல்லலாம். கூடாரம், கேடய உறை, செருப்பு, சேணம் எல்லாம் தோல். எல்லையில் இருந்த ஜெர்மானிய மக்களிடம் வரியாகவும் சரக்காகவும் தோல் வாங்கியபோது, எண்ணுகிற சொல்லும் அவர்கள் வாயில் ஏறிக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் பத்துத் தோலை 'டெஷர்' என்றார்கள், ஸ்வீடன்காரர்கள் 'டெக்கர்' என்றார்கள், ஆங்கிலேயர்கள் 'டிக்கர்' என்றார்கள்.

ரோமானியர் காலத்துத் தோல் வியாபாரம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற கோட்டையில் தோண்டி எடுத்த மரச்சில்லுக் கடிதங்களைப் பாருங்கள். கி.பி. 100ஐ ஒட்டியவை. ஒக்டேவியஸ் என்று ஒருவர் எழுதுகிறார்: தானியத்துக்கு அச்சாரம் கொடுத்துவிட்டேன், குறைந்தது 500 தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) அனுப்பாவிட்டால் அச்சாரம் போய்விடும், எனக்கும் தலைகுனிவு. கேட்டரிக் என்ற ஊரில் தோல் கிடக்கிறது, எனக்குக் கொடுக்கச் சொல்லி எழுது. நானே போய் எடுத்திருப்பேன், ரோடு மோசமாக இருக்கும்போது மாடுகளை வதைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். படித்ததும் எங்கள் மண்டியில் நான் கேட்ட குரல்கள் எல்லாம் காதில் விழுந்தன. பணம் வரவில்லை, வண்டி வரவில்லை, ரோடு சரியில்லை. இரண்டாயிரம் வருஷமாக ஒரே பாட்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்து என்ற எண் எப்படிப் பேரமாக மாறும்?

பத்துத் தோல் என்றால் பத்துத் தோல்தான், எண்ணிக்கையில் யாரும் சண்டை போடுவதில்லை. எந்தப் பத்து என்பதில்தான் சண்டை வரும். இதற்கு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. இன்றைய நெதர்லாந்தின் வட கரையில் ஃப்ரீசியர்கள் என்ற மக்கள் இருந்தார்கள். ஏழைகள் என்பதால் ட்ரூசஸ் என்ற ரோமத் தளபதி அவர்களுக்கு லேசான வரிதான் போட்டார், படைக்கு மாட்டுத்தோல் கொடுத்தால் போதும் என்று. தோல் எவ்வளவு பெரியது, எவ்வளவு தடிமன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிற்பாடு ஒலேனியஸ் என்ற அதிகாரி வந்தார். அங்கே காட்டில் திரிந்த ராட்சதக் காட்டெருதின் தோலை எடுத்து வைத்துக்கொண்டு, இதுதான் அளவு, இந்த மாதிரி கொண்டு வா என்றார். ஃப்ரீசியர்களின் வீட்டு மாடுகள் சின்னவை. முதலில் மாட்டையே கொடுத்தார்கள், அடுத்து நிலத்தை, கடைசியில் மனைவி மக்களை அடிமையாக. கி.பி. 28இல் பொறுமை போய், வரி வாங்க வந்த சிப்பாய்களைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அதைத் தொடர்ந்த சண்டையில் பதுஹென்னா என்ற தோப்பில் 900 ரோமச் சிப்பாய்கள் செத்தார்கள். இவ்வளவையும் எழுதி வைத்தவர் ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ், அதிலும் பழியைத் தன் ஆட்கள் பேராசை மேலேயே போடுகிறார்.

எண்ணிக்கையை எழுதி, தரத்தை எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். உங்கள் பனியன் ஆர்டரில் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று, எழுதாமல் ஒப்பந்தம் போடுவீர்களா? மாட்டீர்கள் அல்லவா.

தோலில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. முடியோடு இருக்கும் தோலின் முகம் வாங்குபவனுக்குத் தெரியாது. மண்டியில் உப்புப் போட்ட தோலை மடித்து அடுக்கியிருப்பார்கள். முதலில் உதறச் சொல்வோம், உப்போடு எடை போட்டால் உப்புக்கும் காசு கொடுத்த கதையாகிவிடும். பிறகு சதைப் பக்கத்தைத் திருப்பிக் கத்திவெட்டு இருக்கிறதா என்று பார்ப்போம். உரிக்கிறவன் அவசரக்காரனாக இருந்தால் நடுமுதுகிலேயே கீறியிருப்பான். அடுத்து வயிற்றோரத்தில் ஒரு கொத்து முடியைப் பிடித்து இழுப்போம். இழுத்ததும் கையோடு வந்துவிட்டால் உப்புப் போடத் தாமதமாகித் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவும் பார்த்து வாங்கினாலும், உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாம் சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கிய பிறகுதான் வெளியே வரும். அப்போது விற்றவன் ஊரிலேயே இருக்கமாட்டான். ஆகவே வாங்குகிறவன் பயந்து விலையைக் குறைக்கிறான், விற்கிறவன் அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டே முன்கூட்டி ஏற்றிச் சொல்கிறான். நடுவில் டீ வரும். தோல் வியாபாரத்தில் பேரம் ஒரு பழக்கமல்ல, பாதி வேலையே அதுதான்.

பத்துத் தோலைக் குறிக்கும் சொல் பேரத்தைக் குறிக்கும் சொல்லானது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

இங்கிலாந்தில் தோலைத் தாண்டியும் இந்த எண்ணிக்கை போனது. 1086இல் இங்கிலாந்து அரசருக்காக எழுதப்பட்ட டூம்ஸ்டே என்ற நிலவரிக் கணக்கில், க்ளாஸ்டர் நகரம் அரசருக்குக் கட்டிய வரியில் 36 டிக்கர் இரும்பு இருக்கிறது. பழைய அளவைச் சட்டத்தில் கையுறை ஒரு டிக்கர் என்றால் பத்து ஜோடி, தோல் 20 டிக்கர் சேர்ந்தால் ஒரு 'லாஸ்ட்'. கிழக்கு சசெக்ஸில் மேல் டிக்கர், கீழ் டிக்கர் என்று இரண்டு ஊர்களே இன்றும் உண்டு. பத்து இரும்புத் துண்டு வாடகையாகக் கொடுத்த நிலம் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்காரர்கள்.

பேரம் என்ற பொருள் மட்டும் அமெரிக்காவில் பிறந்தது. அச்சில் தலைகாட்டுவது 1800ஐ ஒட்டி. கையில் காசு அபூர்வமாகப் புழங்கிய காலம், இடம். தோலைக் கொடுத்துத் துணி, கோடரி, சாராயம் வாங்குவது வழக்கம். 1748இல் கான்ராட் வைசர் என்ற தூதர் ஓஹையோ பக்கம் பூர்வகுடி மக்களோடு பேசும்போது, ஒரு பீப்பாய் விஸ்கியை '5 பக்' விலைக்கு விற்க வேண்டும் என்கிறார். அங்கே 'பக்' என்பது ஆண் மான் தோல். அமெரிக்கர்கள் டாலரை பக் என்று சொல்வது அங்கிருந்து வந்தது என்பதுதான் பரவலான கருத்து. கனடாப் பக்கம் ஹட்சன் பே கம்பெனி என்ற தோல் வியாபாரக் கம்பெனி, பீவர் என்ற நீர்விலங்கின் நல்ல பனிக்காலத் தோல் ஒன்றையே கணக்கு அலகாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாச் சாமான்களுக்கும் விலை போட்டது. பார்த்தீர்களா, அவர்கள் ஒலேனியஸ் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வெறும் பீவர் என்று சொல்லாமல், எந்தப் பீவர் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

பனியன் மெர்ச்சண்டைசர்

ஐயா, ஜி.எஸ்.எம். உதாரணம் சுருக்கென்று தைத்தது. எங்களுக்கும் 'ஹேண்ட் ஃபீல் சரியில்லை', அதாவது துணியைத் தொட்டால் கைக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்லி விலை குறைக்கிற பையர் உண்டு. அது எந்தத் தாளிலும் எழுத முடியாத தரம்.

ஹேகில் என்ற சொல்லும் தோலிலிருந்துதான் வந்ததா?

அகராதிப்பூச்சி

ஹேகில் தோல் இல்லை, வெட்டு. பழைய நோர்ஸ் மொழியில் 'வெட்டு, கொத்து' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 1500களின் பிற்பகுதியில் கோணல்மாணலாக வெட்டிக் குதறுவதைத்தான் அது குறித்தது. கொஞ்ச காலத்திலேயே விலையைக் கொத்திக் கொத்திக் குறைப்பதற்கும் வந்துவிட்டது. அதன் உடன்பிறப்பு 'ஹிகில்'. ஊர் ஊராகப் போய்க் கோழியும் முட்டையும் வாங்கி விற்பவர் ஹிக்ளர். இங்கிலாந்தில் அந்தச் சொல் மறைந்துகொண்டே போக, ஜமைக்காவில் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களை இன்றும் ஹிக்ளர் என்கிறார்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது 'சாஃபர்'. பழைய ஆங்கிலத்தில் 'சேயப்' என்றால் வியாபாரம், 'ஃபாரு' என்றால் பயணம். இரண்டும் சேர்ந்து வாங்கி விற்கும் போக்குவரத்து, அப்புறம் பேரம். லண்டனில் சீப்சைட் என்று ஒரு தெரு இருக்கிறதே, அது மலிவான தெரு அல்ல, சந்தைத் தெரு. பக்கத்தில் ரொட்டித் தெரு, பால் தெரு என்றெல்லாம் உண்டு. நல்ல வியாபாரம் என்ற சொல் தேய்ந்து மலிவு என்று ஆனது பிற்பாடு. இந்தச் சேயப்பும் லத்தீன் கடைக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கியது. 'கௌப்போ' என்றால் சில்லறை வியாபாரி, சத்திரக்காரர். ஜெர்மன் 'கௌஃபன்', அதாவது வாங்குதல், அதே குடும்பம். கோபன்ஹேகன் நகரத்தின் பெயர் வணிகர் துறைமுகம் என்று பொருள்படும், அதுவும் அதே குடும்பம்.

மண்டிக்காரர் ஐயாவிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பத்துத் தோல் என்ற பொருளில் டிக்கர் இங்கிலாந்தில் பல நூற்றாண்டு புழங்கியிருக்கிறது. லண்டனில் லெடன்ஹால் சந்தையில் தோல் மலைமலையாக விற்றது. தோல் பேரம்தான் காரணம் என்றால், அங்கேயே 'டிக்கர் பண்ணுதல்' பிறந்திருக்க வேண்டாமா? ஏன் கடல் தாண்டி, அதுவும் 1800இல்? காட்டோரத்தில் வியாபாரிகள் பூர்வகுடிகளோடு தோலுக்குப் பேரம் பேசியதிலிருந்து வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அழகான கதை. ஆனால் அந்தப் பழைய அமெரிக்க எடுத்துக்காட்டுகளில் பேரம் நடப்பது பெரும்பாலும் குதிரைக்கும் கடிகாரத்துக்கும் மளிகைக்கும்தான், பூர்வகுடியும் இல்லை, தோல் கட்டும் இல்லை.

மண்டிக்காரர், வாணியம்பாடி

அம்மா, கேட்ட கேள்வி சரியான கேள்வி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஆங்கிலேய நகரங்களில் தோலைச் சோதித்து முத்திரை குத்த அதிகாரிகளே இருந்தார்கள், அதற்குச் சட்டம் இருந்தது. முத்திரை விழுந்த தோலுக்கு நீங்கள் முடியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. தரத்துக்கு ஒருவன் பொறுப்பேற்றுவிட்டால் பேரம் பாதியாகச் சுருங்கும். காட்டோரக் கடையில் முத்திரைக்காரன் கிடையாது. வாங்குகிறவன் கண்ணும் மூக்கும்தான். அதனால் 'டிக்கர்' என்று சொன்னாலே அடுத்து வாக்குவாதம் என்று ஆகியிருக்கலாம்.

குதிரையும் கடிகாரமும் என்றீர்களே, அதுவும் என் பக்கத்துக்குத்தான் வருகிறது. குதிரைக்கு வயது என்ன, பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கடிகாரம் வீட்டுக்குப் போய் ஓடுமா, போனால்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாத சரக்குக்குத்தான் பேரம் நீளும். உப்புக்கும் சர்க்கரைக்கும் அவ்வளவு பேரம் கிடையாது. மளிகைக்கு மட்டும் பதில் என்னிடம் இல்லை, அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அகராதிப்பூச்சி

முத்திரை வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் மாசசூசெட்ஸிலும் தோலுக்கு முத்திரை அதிகாரிகள் இருந்தார்களே ஐயா. நான் 'அநேகமாக' என்ற இடத்திலேயே நின்றுகொள்கிறேன்.

மண்டிக்காரர், வாணியம்பாடி

நில்லுங்கள். மாசசூசெட்ஸ் காட்டோரம் இல்லை, ஊர். அது மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சந்தைப் புள்ளி

நான் பங்கு டிக்கரோடு போயிருக்க வேண்டியது, இவ்வளவு நேரம் தோல் மண்டியில் உட்கார்ந்துவிட்டேன். மூக்கில் வாசனையே வந்துவிட்டது. தம்பியின் கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே, பையர் மட்டம் தட்டினாரா?

அகராதிப்பூச்சி

லேசாகத் தட்டினார். நெகோஷியேட் என்பது கோட்டு போட்ட சொல், எந்த மெயிலிலும் எழுதலாம். ஹேகில் சாதாரணம். டிக்கர் அமெரிக்கப் பேச்சு வழக்கு. பெரும்பாலும் தொகை சின்னது, இவ்வளவு பேச்சுக்குத் தகாது என்ற எரிச்சல் அதில் ஒட்டியிருக்கும். 'நாம் டிக்கர் பண்ண வேண்டாம்' என்றால் இருவரையும் சேர்த்துச் சொல்வது, பாதகமில்லை. 'நீ டிக்கர் பண்ணுகிறாய்' என்றால் குத்தல். நீங்களாக அவருக்கு எழுதும்போது இந்தச் சொல்லைப் போடாதீர்கள். உங்கள் விலையை நீங்களே சில்லறை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

மண்டிக்காரர், வாணியம்பாடி

அவசரம் என்று சொல்லி ஒரே வரியில் எழுதுவதும் பேரத்தில் ஒரு வகைதான் தம்பி. எங்கள் மண்டியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வாசல் வரை போவார்கள். வாசல் தாண்டமாட்டார்கள். அவர் நேரமில்லை என்று சொல்லிவிட்டும் 'முடிவைச் சொல்' என்று கேட்டிருக்கிறார் பாருங்கள், ஆர்டரை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லவில்லை.

பனியன் மெர்ச்சண்டைசர்

மேனேஜரிடம் இதைச் சொன்னேன். 2 சென்ட் குறைத்து, துணி எடையையும் கையில் தொட்டுப் பார்க்கும் தரத்துக்கு ஒப்புதல் சாம்பிளையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டார். மெயில் போயாயிற்று. அங்கே இப்போது ராத்திரி, பதில் வந்ததும் எழுதுகிறேன்.